காதுக்குள் ஒரு கிரைண்டர்

ஜூலை 9, செவ்வாய்

நகைக்கடையில் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து பரணில் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். டைரி எழுதும் வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. இது சாட்சிக்கு. நாளைக்கு யாராவது "எப்போதிலிருந்து, என்ன ஆதாரம்" என்று கேட்டால் எடுத்து நீட்ட வேண்டும். சத்துணவு அமைப்பாளராகவே தலை நரைத்தவள் நான். எழுத்தில் இல்லாத எதுவும் நடந்ததாக ஆகாது என்று எனக்கா தெரியாது?

காதில் சத்தம். இரண்டு காதிலும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது. ஆனால் விசில் மட்டும் வருவதே இல்லை. காலையில் கண் விழிக்கும்போது எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மாமனார் காலத்தில் இது ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். அதுவும் ஒற்றைக்கல் சுவர். இங்கே தாளித்தால் அங்கே தும்முவார்கள். அந்தப் பக்கம் என் ஓரகத்தி இந்திராணி. கொழுந்தனார் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனி பிறந்ததும் ஒரு பெரிய கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கினாள். 'இட்லி மாவு கிடைக்கும்' என்று வாசலில் அட்டை கட்டினாள். ஆனி பாதியிலிருந்து எனக்குக் காது சீறுகிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது?

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "கிரைண்டரு கடகடன்னுல்ல ஓடும். நீ கீச்சுன்னுல்ல சொல்ற" என்றார்.

"மோட்டாரு கீச்சுங்கும். பெல்ட்டு கீச்சுங்கும். இத்தன வருஷத்துல உங்களுக்கு எதுதான் கேட்டுச்சு?"

"அவ சாயந்திரம் ஆறு மணிக்கு நிறுத்திடுறாளே. அப்பறமும் கேக்குதுங்குற."

பகல் முழுக்க அடி வாங்கின காது ராத்திரி வலிக்காதா? இந்த மனிதருக்கு அது புரியாது. மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

ஜூலை 10, புதன்

பால் திரிந்துவிட்டது. துணி ஊறப்போட்டேன், அலசவில்லை. முட்டி இரண்டும் இன்று மோசம். கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் ஆயுசெல்லாம் நின்ற முட்டி; வேறு எப்படி இருக்கும்?

முகுந்தன் அனுப்பிய சிங்கப்பூர்த் தைலம்தான் என்னை நடமாட வைக்கிறது. மே கடைசியில் நான் ரிட்டயரான மறுவாரமே ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினான். பிள்ளை என்றால் அவன் பிள்ளை. முட்டி, கெண்டைக்கால், இடுப்பு, தோள்பட்டை எல்லாம் தேய்த்து, மேலே பாலிதீன் கவரைச் சுற்றி, அதன்மேல் வெந்நீர்ப் பையை வைத்துவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்கும். எங்கள் சத்துணவுக்கூட ஆயா சொல்லிக்கொடுத்த முறை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, படுக்கும்முன் ஒன்று.

காலி பாட்டில்களை ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது முகுந்தனுக்குத் தெரியும். "அதுக்குள்ள தீந்துருச்சாம்மா? யாராச்சும் வந்தா குடுத்துவுடுறேன்" என்பான். யாராச்சும் வருவார்கள்.

ஜூலை 13, சனி

கடைத்தெரு டாக்டரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "வயசாகுதுல்லம்மா" என்றார். அவர் தலையில் இருப்பதும் வெள்ளைதான். அவர் காதில் எதுவும் சீறவில்லையே.

"மாத்திரை எதாவது சாப்புடுறீங்களா? பிரஷருக்கு, சுகருக்கு?"

"ஒண்ணும் கெடையாது. தலவலின்னாக்கூட மாத்திரைய தொட மாட்டேன். நீங்க வேற யாரையாவது கேளுங்க."

சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். குப்பையில் போட்டேன்.

ஜூலை 18, வியாழன்

ஊரே டாக்டராகிவிட்டது. பால்காரம்மா பூண்டு எண்ணெய் விடச் சொல்கிறாள். எதிர்வீட்டுக்காரி, யாரோ என்னைப் பற்றித் தூரத்தில் பேசுகிறார்கள் என்கிறாள். இத்தனை நாளாக ஓயாமல் என்னைப் பற்றிப் பேச அப்படி யார் வெட்டியாக இருக்கிறார்கள்? இவருடைய நண்பர் ஒருவர் வந்து, மனசை லேசாக வைத்துக்கொண்டால் சத்தம் போய்விடும் என்று அரை மணி நேரம் பேசினார். மனசு கனமாக இருந்ததே அவர் பேச ஆரம்பித்த பிறகுதான்.

டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்சீட்டுக்குப் போனாள். மரியாதை தெரியாத ஜென்மம்.

தலைவலி. நெற்றியிலும் காதைச் சுற்றியும் தைலம் தடவிக்கொண்டேன். கொஞ்சம் இதமாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

இந்திராணி மாவு கொண்டுவந்தாள். ஒவ்வொரு வெள்ளியும் முதல் ஈட்டில் ஒரு தூக்குவாளி மாவு எங்களுக்கு. தூக்கை அலம்பி, கொஞ்சம் சர்க்கரையோ நாலு வெல்லக்கட்டியோ போட்டு நான் திருப்புவேன். வெறும் பாத்திரமாகத் திருப்புகிற வழக்கம் இந்த வீட்டில் கிடையாது.

"உளுந்து நல்லா பொங்கியிருக்குக்கா இன்னைக்கு. இட்லி பூவா வரும்" என்றாள்.

"இட்லி இருக்கட்டும். அந்த மிஷின எப்ப நிறுத்தப்போற?"

"ஆறு மணிக்கெல்லாம் நிறுத்திடுறேனேக்கா."

"அதக் கேக்கல. ஒரேயடியா எப்ப நிறுத்தப்போற?"

கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கினாள். காது விஷயத்தை ஆதியிலிருந்து சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"சுவத்தோரமா கெடக்கறதாலன்னா முன்ரூமுக்கு இழுத்துப் போட்டுடுறேன்க்கா. அடியில ரப்பர் ஷீட்டு போடுறேன். நிறுத்த மட்டும் சொல்லாதீங்க. தாரணி படிப்பு, எங்க ரெண்டு பேரு சாப்பாடு எல்லாம் அதுலதான் ஓடுது."

தாரணி அவள் மகள். திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. என் காதுக்குத்தான் யாரும் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இழுத்துப் போட்டாளாம். ரப்பர் போட்டாளாம். காது அப்படியே.

முகுந்தன் பேசினான். காதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாம். தைலம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். தீரப்போகிறது என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

மனு எழுதிவிட்டேன், நகராட்சிக்கு. 'மேற்படி குடியிருப்புப் பகுதியில் உரிய உரிமம் ஏதுமின்றி இயக்கப்பட்டு வரும் மாவரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலால் மனுதாரரின் செவித்திறன் நாளுக்கு நாள் பாதிக்கப்பட்டு வருவதால்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். இந்த 'மேற்படி'யும் 'உரிய'வும் போட்டு எழுத இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எத்தனை ஆய்வுக்குப் பதில் எழுதின கை.

இவர் இரண்டு தடவை படித்தார். பிறகு என் பேரைச் சொல்லி, "நாயகி, அவ என் தம்பி பொண்டாட்டி" என்றார்.

"என் காது யாரு பொண்டாட்டி?"

"அவளுக்கு வேற என்ன வழி இருக்கு?"

"எனக்கு வேற காது இருக்கா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இவருக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார். வெளியே போய் டீ குடிப்பார். நான் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் சமைத்தேன். இந்திராணி வழக்கம்போல மாவு வைத்துவிட்டுப் போயிருந்தாள். தோசை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு. உரிமம் எங்கே என்றார். இல்லை. வாங்க வேண்டும் என்பதே தனக்குத் தெரியாது என்றாள் இந்திராணி. அது எப்படித் தெரியாமல் இருக்கும்? கிரைண்டரின் சுவிட்சைத் துணியால் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு வைத்துவிட்டுப் போனார். அட்டையையும் கழற்றச் சொன்னார்.

எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையைக் கழற்றும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அது என்ன பழக்கம்?

போன வாரத்துத் தூக்கு இங்கேயே இருக்கிறது. இப்போது அதில் சர்க்கரை போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு போவது? கவிழ்த்து அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சுவர் அமைதி. காது இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒன்றரை மாதம் அடித்த அடி ஒரு நாளில் ஆறுமா என்ன? கொஞ்ச நாள் ஆகும். இதைச் சொன்னால் இவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

சத்தம் கூடியிருப்பதுபோலத்தான் இருக்கிறது. இப்போது காதுக்குப் பின்னால், கழுத்து வரைக்கும் தைலம் தேய்த்து மப்ளரைச் சுற்றிக்கொள்கிறேன். நாலு வேளை. சிங்கப்பூரிலிருந்து முகுந்தனின் சிநேகிதன் ஒருவன் வந்து புதுப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனான். "முகுந்தன் எப்ப வருவான்?" என்று கேட்டேன். "பொங்கலுக்குப் பாக்கறேன்னான்மா" என்றான். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று போனேன். சீல் வைத்து இத்தனை நாள் ஆகிறது, காது நின்றபாடில்லை. அப்படியென்றால் அவள் ரகசியமாக வேறு ஏதோ ஓட்டுகிறாள். மதியம் மூன்று மணிக்குக் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தேன்.

கிரைண்டர் முன்ரூமில் பழைய புடவை போர்த்திக் கிடந்தது. அரக்கு அப்படியே இருந்தது. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். வேறு மிஷின் எதுவும் இல்லை. இந்திராணி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் ஈரம்.

"என்னக்கா தேடுறீங்க?"

"சத்தம் நிக்கல."

"மிஷினுதான் நின்னுருச்சே."

"அதான் கேக்குறேன். வேற என்ன ஓட்டுற?"

எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. "எல்லா ரூமயும் பாருங்கக்கா. பரண்மேல ஏறிப் பாருங்க, ஏணி தரேன். பாத்து முடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நான் நிறுத்தியும் உங்களுக்கு நிக்கலன்னா, நான் எதுக்கு நிறுத்தணும்?"

எவ்வளவு கொழுப்பு. கேள்வி கேட்கிறாள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தஞ்சாவூரில் பெரிய காது டாக்டர். காலை ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி, அழைத்தது மதியம் ஒன்றரைக்கு. மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக்கொண்டு, கண்ணாடி மேஜைக்கு அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். கருவியைக் காதுக்குள் விட்டு இரண்டு நொடி பார்த்தார். அழுக்கு இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை.

"மாத்திரை எதுவும்?"

"ஒண்ணும் கிடையாது."

"வீட்டுல எதாவது பிரச்சினையாம்மா? புள்ளைங்க வெளிநாட்டுலயா?"

என் காதில் சத்தம் என்றால் என் பிள்ளை எங்கே இருந்தால் இவருக்கு என்ன? ரிட்டயர்மென்ட், தனிமை, மனசு என்று அடுக்கினார். தூக்க மாத்திரை எழுதினார். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நேராகச் சொன்னால் நான் மதித்திருப்பேன். தெரியாததையெல்லாம் பொம்பளையின் மனசில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், வேறு இடம் கிடைக்காததுபோல.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். கோபத்தில்.

ஆகஸ்ட் 29, வியாழன்

குமட்டல். வியர்வை. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு இரைக்கிறது. தைலம் தேய்த்தும் நிற்கவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்கிறார். வாய் அசைவது தெரிகிறது, சீறலுக்கு அடியில் பேச்சு அமுங்கிப்போகிறது. "சத்தமாத்தான் பேசுங்களேன்" என்று கத்தினேன். அவர் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

முகுந்தன் போன் செய்திருக்கிறான். தலைமாட்டிலேயே அடித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. என் பிள்ளையின் போன் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை, வேலைக்குள் போயிருப்பான்.

இதற்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

இவர் யாரையும் கேட்காமல் திருச்சியில் வேறொரு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டார். வரமாட்டேன் என்றேன். "நீ வரலன்னா நான் மட்டும் போய் உன் காதக் காட்டிட்டு வரேன்" என்றார். இத்தனை வருஷத்தில் இவர் பிடித்த முதல் பிடிவாதம். போனேன். நீண்ட பயணம் என்று கிளம்பும்முன் நன்றாகவே தேய்த்துக்கொண்டேன்.

டாக்டரைப் பார்க்கும்முன் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டுமாம். ஒரு பெட்டி மாதிரிச் சின்ன அறை. கதவை மூடினால் வெளிச்சத்தம் ஒரு துளி வராது. சோதிக்கிற பெண் நிறைமாதம். என்னை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டக் குனிந்தவள், அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாஷ்பேசினில் வாந்தி எடுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. என்ன தேய்ச்சிருக்கீங்க?"

"தைலம். சிங்கப்பூர்த் தைலம். ஏன்?"

"எங்கெங்க?"

முட்டி, இடுப்பு, தோள், கழுத்து, நெற்றி என்று சொன்னேன். கவர் சுற்றுவதையும் வெந்நீர்ப் பையையும் சொன்னேன். எத்தனை நாளைக்கு ஒரு பாட்டில் என்றாள். ரெண்டு நாள் வரும் என்றேன். சமீபமாக ஒரு நாள்தான் வருகிறது என்று இவர் நடுவில் புகுந்தார். கேட்டால்தானே சொல்ல வேண்டும்?

சோதனையை முடித்துவிட்டு அவளே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா என் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "மருந்து எதுவும் எடுத்துக்கறதில்லன்னு இருக்கே?" என்றார்.

"தைலம் மருந்தாம்மா?"

"ஆஸ்பிரின் மாத்திரையோட குடும்பம்மா அது. தோல் வழியா ரத்தத்துல சேரும். கவரு போட்டு மூடி சூடு வெச்சா இன்னும் அதிகமா சேரும். அளவு மீறிச்சுன்னா காதுல இப்படித்தான் கீச்சுன்னு சத்தம் வரும், காது மந்தமாகும், குமட்டும், மூச்சு வாங்கும். வலிக்குக் கொஞ்சம் தடவறது வேற. நீங்க அதுலயே குளிச்சிருக்கீங்க."

ரத்தம் எடுத்தார்கள். இன்றோடு சுத்தமாக நிறுத்த வேண்டும், சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மூச்சு வாங்குவது கூடினால் உடனே வர வேண்டும், இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து. நிறுத்தினால் அநேகமாகத் தானாகவே நின்றுவிடும் என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

தைலமாம். ஊர் உலகத்தில் தைலம் தேய்க்காதவர்கள் யார்? பிறந்த குழந்தைக்குச் சளி என்றால் தைலம், பஸ்ஸில் தலைசுற்றினால் தைலம், செத்த வீட்டில் அழுது மயங்கினால் தைலம். அத்தனை பேருக்கும் காது கத்துகிறதா? என் பிள்ளை, கடல் தாண்டி, ஆள் பிடித்து, அம்மாவுக்கு என்று அனுப்புகிறான். அது விஷம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

நிறுத்தப்போகிறேன். அவர் சொன்னதற்காக இல்லை. பத்து நாள் கழித்துப் போய், "இதோ, தொடவே இல்லை, சத்தம் அப்படியே இருக்கிறது, இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று கேட்பதற்காக. பாட்டில்களையெல்லாம் நானே பெட்டியில் போட்டுக் கட்டி இவரிடம் கொடுத்தேன். பரணில் வைத்தார். ஜன்னலில் இருந்த காலிப் பாட்டில்களையும் எடுத்துவிட்டார். ஜன்னல் வெறிச்சென்று இருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறக்கூட நிற்க முடியவில்லை. முட்டிக்குள் யாரோ ஆணி அடிக்கிறார்கள். இவர் கிளறினார். கட்டி கட்டியாக வந்தது. பிள்ளையார் பொறுத்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு போனில் வந்ததாம். அளவு மிக அதிகமாம். சோதிக்கிறவர்கள் தப்புச் செய்வதே இல்லையா?

செப்டம்பர் 9, திங்கள்

கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. சீதோஷ்ணம் மாறியிருக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் காக்காய் என்ன இப்படிக் கத்துகிறது என்று எழுந்தேன். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடுகிறது. இவர் பேப்பர் படிக்கும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறார். இந்தப் பழக்கம் எப்போது வந்தது? "எப்பவும் இப்படித்தான படிக்கிறேன்" என்கிறார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்று எழுதப்போவதில்லை. டயம் இல்லை. துணி அலச வேண்டும்.

செப்டம்பர் 11, புதன்

நின்றுவிட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சமையலறைத் தரையில் சாய்ந்திருந்தேன். ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஒன்றுமே இல்லை. குக்கரை யாரோ அடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் திரும்ப வந்துவிடுமோ என்று பயம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷத்தில் சிரித்துக்கூட விட்டேன்.

அப்போதுதான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம். கிரைண்டர் இல்லை. கல். குழவி ஆட்டுக்கல்லில் மெதுவாகச் சுற்றும் சத்தம். நாலு சுற்று, ஒரு நிறுத்தம். மாவை உள்ளே தள்ளும் சத்தம். மறுபடி நாலு சுற்று. இடையில் ஒரு பெருமூச்சு, அதுகூடக் கேட்டது. ஒற்றைக்கல் சுவர்தானே.

மூன்று மணிக்கு ஆரம்பித்தது ஆறு மணி வரைக்கும் ஓடியது. நான் எழுந்திருக்கவில்லை. காபி போடவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

"அவ கல்லுல ஆட்டுறா. தெரியுமா உங்களுக்கு?" என்று இவரிடம் கேட்டேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மிஷினுக்கு சீல் வெச்ச மறுநாள்லேர்ந்து. வாடிக்கை விட்டுப்போகக் கூடாதுன்னு அஞ்சாறு வீட்டுக்கு மட்டும் ஆட்டிக் குடுக்குறா."

அன்றைக்கு அவள் தரையில் உட்கார்ந்திருந்ததும் கை ஈரமாக இருந்ததும் இப்போது புரிகிறது. எதிரிலேயே கல் இருந்திருக்கிறது. மிஷினைத் தேடிப் போனவள் கண்ணுக்குக் கல் எப்படித் தெரியும்? ஒரு மாதத்துக்கு மேல், தினமும் மூன்று மணி நேரம், என் தலையிலிருந்து நாலடி தூரத்தில் ஆட்டியிருக்கிறாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

பேப்பரை மடித்து வைத்தார். "சொல்லியிருந்தா, கல்லு சத்தந்தான் காதக் கெடுக்குதுன்னு இன்னொரு மனு எழுதியிருப்ப."

எழுதியிருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. டாக்டர்கள்மேல் இன்னும் இருக்கிறது, அது போகாது. ஒருத்தராவது கிட்டே வந்து முகர்ந்திருந்தால் ஜூலையிலேயே தீர்ந்திருக்கும். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நகராட்சிக்குப் போனேன். மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். அந்தச் சின்ன வயசு ஆய்வாளர், "வாபஸ் வாங்குனா மட்டும் சீல எடுக்க முடியாதும்மா, உரிமம் இல்லாததுதான் இப்ப பிரச்சினை" என்றார். நான்தானே அதையும் எழுதிக்கொடுத்தேன். உரிமத்துக்கு விண்ணப்பம் வாங்கிவந்து, 'மேற்படி', 'உரிய' எல்லாம் போட்டு நானே பூர்த்தி செய்தேன். பதினைந்து நாளாவது ஆகுமாம். கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டும்.

முகுந்தன் பேசினான். மணி அடித்தது கேட்டது. தைலம் இருக்கிறதா என்றான். இருக்கிறது, இனிமேல் வேண்டாம் என்றேன். "அப்பறம் என்னம்மா வேணும்?" என்று கேட்டான். நீ வா என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அந்தச் சும்மாவும் கேட்டது.

ராத்திரி உளுந்து அளந்து எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

தூக்கை அலமாரியிலிருந்து எடுத்து அலம்பினேன். காலையில் ஊறப்போட்டிருந்த உளுந்தை அதில் நிரப்பினேன். விண்ணப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று மணிக்குப் போனேன். இந்தத் தடவை கதவைத் தட்டினேன்.

இந்திராணி திறந்தாள். தூக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழிவிட்டு நகர்ந்தாள். காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "காது நின்னுருச்சு" என்றேன்.

"மாமா சொன்னாங்க."

"மிஷினு இல்ல. தைலம்."

"அதயும் சொன்னாங்க."

விண்ணப்பத்தைக் கொடுத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். பேனாவைப் பிடித்தவள் வலியில் முகம் சுளித்தாள். வலது தோள் வீங்கியிருந்தது. ரவிக்கை தைத்த இடத்தில் இறுக்கிப் பிடித்தது. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்துவிட்டு, "அக்கா, உங்ககிட்ட அந்தத் தைலம் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே வலிக்காகத்தான் கேட்டாள். அவள் கிண்டல் செய்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பரண்ல ஒரு பெட்டி இருக்கு. தர மாட்டேன். தள்ளி உக்காரு."

ஆட்டுக்கல்லுக்கு முன்னால் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். உளுந்தைக் குழிக்குள் போட்டேன். "உங்களால முடியாதுக்கா, எழுந்திருங்க" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். காதில் விழாத மாதிரி இருந்தேன். அந்தச் சலுகை எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உண்டு. மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் மாவை உள்ளே தள்ளிவிட்டாள்.

ஆறு மணி வரைக்கும் ஆட்டினோம். முட்டி வலிக்கிறது. வலிக்கட்டும். நாளைக்கும் மூன்று மணிக்குப் போக வேண்டும்.